எந்தக் கம்பெனியில் வண்டி ஏறுவது?

மும்பையில் வாழும் தமிழன்பர்களுக்கு ஆண்டாப் ஹில்லை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. பிற மாநிலங்களிலிருந்து கேட்கும் நேயர்களுக்காக மட்டும் இரண்டொரு சொல் கூறிவிடுகிறோம். மாதுங்காவுக்குக் கிழக்கே, வடாலாவை ஒட்டிய பகுதி இது. மத்திய அரசாங்க ஊழியர்களின் குடியிருப்பு வரிசைகள் ஒருபுறம். சிறு வீடுகள் நெருங்கிய சந்துகள் மற்றொருபுறம். கிழக்கே நடந்தால் சரக்குக் கிடங்குகள். அவற்றுக்கும் அப்பால் வடாலா லாரி முனையம். நகரச் சாலைகளில் காலையும் மாலையும் குறித்த மணிநேரங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், அவை நகர்வது பெரும்பாலும் நாம் உறங்கப் போகும் வேளையிலேயாகும். அவ்வண்டிகளின் எண் பலகையில் தமிழ்நாட்டுக்குரிய எழுத்துகளுக்குப் பின் 28 என்றோ, 34 என்றோ, 52 என்றோ கண்டால் நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. முதலாவது நாமக்கல், அடுத்தது திருச்செங்கோடு, மூன்றாவது சங்ககிரி. 1,200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்து நம் தெருமுனையில் நின்று மூச்சு வாங்கும் சொந்த ஊர்க்காரரைக் கண்டாற்போல் இருக்கும்.

இவ்வண்டிகளைப் பார்த்தபடியே பல ஆண்டுகளைக் கழித்த நமக்கு, அவற்றை ஓட்டுகிறவர் தமக்கு ஒரு முதலாளியை எவ்வாறு தேர்ந்துகொள்கிறார் என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. முதலாளிதானே தொழிலாளியைத் தேர்வது வழக்கம் என்று எண்ணியிருந்தோம் போலும். அந்த எண்ணத்தைக் கலைத்தவர் நம் பகுதியில் வசிக்கும் ஓர் இளைஞர். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை; பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. தாராவியிலிருந்து தோல் சாமான்கள் ஏற்றும் டெம்போவை நான்கு ஆண்டுகள் ஓட்டினார். பின்னர் ஒரு லாரியில் கிளீனராகச் சென்றார். கனரக வண்டிக்குரிய உரிமமும் பெற்றார். இப்பொழுது அவருக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று, நவசேவாத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றும் பெரிய கம்பெனி. மாதம் 28,000 ரூபாய், சேர்ந்தவுடன் 40,000 ரூபாய் முன்பணம் என்றார்கள். மற்றொன்று, பன்னிரண்டு லாரிகள் வைத்திருக்கும் ஒரு சங்ககிரிக்காரர். மாதம் 18,000 ரூபாய், டிரிப்புக்கு டிரிப் பேட்டா. முன்பணம் என்ற பேச்சே இல்லை.

"சார், நீங்கள் ஆபீசில் எழுதுகிறவர். இந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லுங்கள்" என்று பெரிய கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தை நம் கையில் கொடுத்தார் அவர். கடிதங்களைத் தமிழாக்குவதே நம் தொழிலாதலால் படித்துச் சொல்வது எளிதாயிருந்தது. ஆனால் அக்கடிதம் கூறாமல் விட்டவை எவை என்பதை அறிய நம் அகராதிகள் உதவவில்லை. ஆகவே அவரை அழைத்துக்கொண்டு, முனையத்தருகே ஒரு புக்கிங் ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரியவரிடம் சென்றோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பம்பாய் லைனில் வண்டி ஓட்டிக் கண்பார்வை மங்கியபின் ஸ்டியரிங்கை விட்டவர் அவர். அவரும் சங்ககிரிப் பக்கத்தவரே. "எங்கள் ஊர்க்காரன் என்பதற்காக நல்லவன் என்று சொல்லமாட்டேன், தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

கடிதத்தை அவர் கையில் வாங்கவேயில்லை. சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. "அந்தக் கம்பெனியை விட்டுப் போனவன் எவனையாவது தெரியுமா?" என்றார்.

இளைஞருக்குத் தெரியவில்லை. வேலையில் இருக்கும் இருவரைத் தெரியும் என்றும், அவர்கள் நன்றாகவே கூறினார்கள் என்றும் சொன்னார். பெரியவர் தலையசைத்தார். வேலையில் இருப்பவன் அன்றைய மனநிலைக்கேற்பப் புகழ்வான் அல்லது ஏசுவான். புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் அவனுக்கு ஏதோ கிடைக்கவும் கூடும். விட்டுப் போனவனிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கணக்கு முடித்துக் கொடுத்தார்களா? ஓர் ஓட்டுநர் விலகும்பொழுது கடைசி மாதச் சம்பளம் நிற்கும். இரண்டு டிரிப்பின் பேட்டா நிற்கும். டீசல் குறைவு, சரக்குச் சேதம், உடைந்த விளக்கு என்று எதிர்ப்பக்கத்திலும் பற்று இருக்கும். கம்பெனி அவரிடம் இனிப் பெறத்தக்கது ஒன்றுமில்லை. அந்த நிலையில் அவரை ஒரே நாளில் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டி, மீதத்தைக் கையில் கொடுத்தனுப்புகிறார்களா, அல்லது "அடுத்த வாரம் வா" என்று நான்கு முறை அலையவைக்கிறார்களா? இதனை அறிந்துகொண்டால் பாதி தெரிந்தாற்போல் என்பது பெரியவரின் கட்சி. இந்தச் செய்தி எங்கே கிடைக்கும் என்று நாம் கேட்டோம். டீக்கடையில் கிடைக்கும் என்றார்; கலம்போலி இரும்புச் சந்தையில் லோடுக்குக் காத்திருப்பவர்களிடம் கிடைக்கும்; கோலாப்பூருக்கு அருகே தமிழ்ச் சாப்பாடு போடும் ஓட்டலில் கிடைக்கும். ஒரு கம்பெனியின் பெயர் சங்ககிரியிலிருந்து வடாலாவுக்கு வந்து சேர இரண்டு நாளுக்குமேல் ஆகாதாம்.

இங்கே ஒரு சிறு விஷயம். நம் மேசையில் கம்பெனி என்ற சொல்லுக்கு "நிறுமம்" என்று எழுதிப் பழகியிருக்கிறோம். நிறுவப்பட்டது, நிலைத்து நிற்பது என்ற பொருள் அதில் தொனிக்கிறது. ஓட்டுநர்களின் பேச்சில் கம்பெனி நிற்பதில்லை. அது டிரிப் பணம் கொடுக்கும் மேலாளர். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பவர் அல்லது எடுக்காதவர். ஷெட்டில் டயர் மாற்றித் தருபவர் அல்லது "இந்த டிரிப் ஓட்டிவிட்டு வா" என்பவர். ஆறுமாதத்தில் மேலாளர் மாறினால், பலகையில் பெயர் மாறாவிட்டாலும், அது வேறு கம்பெனியென்றே கணக்கு.

பின்னர் சம்பளத்துக்கு வந்தார். தொகையைப் பற்றியன்று, அது எந்த வழியில் வருகிறது என்பதைப் பற்றி. இத்தொழிலில் ஊதியம் பலவகை. வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓட்டுநருக்குப் பங்கு தருவது ஒன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. மாதச் சம்பளமும் பேட்டாவும் சேர்ந்தது இன்னொன்று. வழிச்செலவுக்கென ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு, குறைந்தால் உன் பாடு என்று விடுவதும் உண்டு. நாம் எந்த வகையில் அதிகம் கிடைக்கும் என்று கணக்கிடத் தொடங்கினோம். பெரியவரோ, எந்த வகை ஓட்டுநரை எந்தத் தவறுக்குத் தள்ளும் என்று கூறலானார். வாடகையில் பங்கு வாங்குகிறவன் அதிகப் பாரத்துக்கு ஆசைப்படுவான். கிலோமீட்டருக்கு வாங்குகிறவன் தூக்கத்தை வெட்டுவான். மொத்தத் தொகை வாங்குகிறவன் டீசலில் கைவைப்பான். சுங்கச்சாவடியைத் தவிர்க்க ஊருக்குள் புகுவான். மாதச் சம்பளக்காரன் இவற்றைச் செய்யமாட்டான். ஆனால் சம்பளம் மாதாமாதம் வரவேண்டுமே!

டீசல் கணக்கைப் பற்றி அவர் கூறியதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; ஏனெனில் நம்மைத் திடுக்கிடச் செய்தது அதுதான். இப்பொழுது பெரும்பாலான இடங்களில் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டியே வரையறுத்து, அந்த அளவுக்கே டீசல் கொடுக்கிறார்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,200 கிலோமீட்டருக்கு 300 லிட்டர். பாரம் மிகுந்து, மலைப்பாதையும் நெரிசலும் சேர்ந்து, வண்டி மூன்றே முக்கால்தான் கொடுத்தது என்றால் 320 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும் 20 லிட்டருக்கு 1,800 ரூபாய். அது ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்கப்படும். ஒரு டிரிப்பில் அவருக்கு மிஞ்சுவதில் இது சிறு தொகையன்று. இந்த 20 லிட்டரை எங்கே மிச்சப்படுத்துவது? இறக்கத்தில்தான். கியரை விலக்கி நியூட்ரலில் போட்டு, சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு, வண்டியின் பாரத்தாலேயே அதனை உருளவிடுகிறார்கள்.

இதன் விளைவை அறிய நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. பெங்களூர்ப் பக்கமிருந்து மும்பை நோக்கி வரும் வண்டிகள் புனேயில் கத்ரஜ் சுரங்கப் பாதையைக் கடந்து நவலே பாலத்தை நோக்கி நெடிய சரிவில் இறங்குகின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று அச்சரிவில் ஒரு லாரி கட்டுக்கடங்காமல் வந்து பல வாகனங்களை மோதியது. எரிபொருளை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்து இறக்கியதாக அப்போது விசாரித்தவர்கள் கூறியதைப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்போம். படித்துவிட்டு அந்த ஓட்டுநரை ஏசியும் இருப்போம். கனரக வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. என்ஜின் ஓடினால்தான் கலத்தில் காற்று நிரம்பும், அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தால் காற்றுத் தீரும், ஸ்டியரிங்கும் இறுகும். இது ஓட்டுநர்கள் அறியாததன்று. "அறிந்தே செய்கிறான், சார். மைலேஜ் கணக்கை எழுதுகிறவன் சேரில் உட்கார்ந்திருக்கிறான், அவன் காட் ரோட்டைப் பார்த்ததில்லை" என்றார் பெரியவர். ஆகவே, எந்தக் கம்பெனியிலும் சேருமுன் கேட்கவேண்டியது, மைலேஜ் எவ்வளவு என்பது மட்டுமன்று. ஏற்றிய பாரத்துக்கும் போகும் பாதைக்கும் தக்கபடி அதனைக் குறைத்து எழுதுகிறார்களா, எல்லாப் பாதைக்கும் ஒரே எண்ணா என்பதைக் கேட்கவேண்டும். ஒரே எண் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாரத்தைப் பற்றியும் இவ்விடத்தில் கூறிவிடலாம். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் வண்டிகளின் அனுமதி எடையை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆயிற்று. அதற்கும் மேல் ஏற்றினால், 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் மேலும். இந்த அபராதத்தை யார் கட்டுவது என்பதே கேள்வி. "கம்பெனிதான் கட்டும்" என்று யாவரும் கூறுவர். ரசீதில் கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடிப்பதும் கட்டுவதுதானே என்று சிரித்தார் பெரியவர்.

காத்திருத்தல் என்பது அடுத்தது. நாம் லாரி ஓட்டுநரின் துன்பம் சாலையில் இருப்பதாக எண்ணுகிறோம். அவர்களைக் கேட்டால் நின்ற இடத்தில்தான் என்பார்கள். முன்னாளில் மும்பைக்குள் வரும் சரக்குக்கு நுழைவு வரி செலுத்த மான்குர்த், முலுந்து, தஹிசர் முதலிய இடங்களில் வரிசை நிற்பது வழக்கம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபொழுது அந்த வரியும் நாக்காக்களும் போயின. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயமான பின் சுங்கச்சாவடியிலும் தாமதம் குறைந்தது. ஆனால் தொழிற்சாலை வாசலிலும் துறைமுக வாசலிலும் நிற்கும் நேரத்தை எந்தச் சட்டமும் குறைக்கவில்லை. லோடு இறக்க இரண்டு நாள், திரும்பும் லோடு கிடைக்க மூன்று நாள் என்று ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே கிடப்பார். குளிக்கத் தண்ணீருக்குக் காசு, கழிப்பிடத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. சரக்குக்காரரிடம் கம்பெனி ஹால்டிங் பணம் வாங்குவது உண்டு. அதில் ஒரு பங்காவது வண்டிக்குள் கிடந்தவருக்கு வருகிறதா? வண்டி ஓடாத நாளுக்கும் பேட்டா உண்டு என்று சொல்லும் கம்பெனியை ஓட்டுநர்கள் எளிதில் விடமாட்டார்கள், சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும்.

இவ்விடத்தில் நம் தொழில் குறுக்கிடுகிறது, நேயர்கள் பொறுக்கவேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூரப் பாதைகளில் அனுமதி பெற்று 10 மணி வரை நீட்டலாம் என்றது; தொடர்ந்து 5 மணிக்குமேல் ஓட்டலாகாது, நடுவே அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்றது. அச்சட்டத்தில் வேலை நேரம் என்பதன் இலக்கணத்தைப் பார்த்தால், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் வேளை 15 நிமிடத்துக்குக் குறைவாயின் அதுவும் வேலை நேரத்தில் அடங்கும் என்று குறித்திருக்கிறார்கள். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பைப் பற்றி அவ்வாறு பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. இரண்டு நாள் நிற்பவரைச் சட்டம் எழுதியவர்கள் மனக்கண்ணில் காணவில்லை போலும். அச்சட்டம் 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 8 மணி என்ற வரம்பு அதிலும் உளது.

இந்த 8 மணியை வைத்து இளைஞர் ஒரு கணக்குப் போட்டார். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று சராசரி கொண்டால் 8 மணிக்கு 320. நாமக்கல் போய்ச் சேர நான்கு நாள். பெரிய கம்பெனியில் பெங்களூருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்டோம். "இரண்டு நாளில் போய்விடவேண்டும் என்றார்கள்" என்றார். வண்டியில் இரண்டு ஓட்டுநர்களா? இல்லை, ஒருவர்தான், கிளீனரும் கிடையாது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டீக்கிளாசைக் கீழே வைத்தார்.

முன்பணத்தைப் பற்றி இளைஞரே கேட்டார். அவருடைய தங்கைக்குத் திருமணம் பேசியிருந்தார்கள். அந்த 40,000 ரூபாய் அவருக்கு வேண்டியிருந்தது. இதை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. முன்பணம் தருவது நல்ல மனத்தோடும் நிகழும். ஆனால், கணக்கு முடியும்வரை அசல் உரிமத்தை ஆபீசிலேயே வைத்திருப்பார்களா என்று கேட்டுவரும்படி பெரியவர் கூறினார். நமக்கு உடனே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நினைவு வந்தது. அங்கே கங்காணியிடம் முன்பணம் வாங்கிச் சென்ற நம்மவர், ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் போகவேண்டுமானால் "துண்டு" என்ற சீட்டு வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்பது அச்சீட்டின் சாரம். ஆள் மாறினார், கடன் மாறவில்லை. 1921-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. சாலையில் ஓடுகிற மனிதரைத் தோட்டத்துத் தொழிலாளியோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் எண்ணலாம். உரிமத்தை மேசை இழுப்பறையில் விட்டு வந்தவருக்கு அவ்வளவு மிகையாகத் தோன்றாது.

வண்டியைப் பார்ப்பது பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. முன் டயரில் ரீட்ரெட் போட்டிருக்கிறார்களா, ஸ்டெப்னி உருளும் நிலையில் உள்ளதா, எஃப்.சி.யும் இன்சூரன்சும் நடப்பில் உள்ளனவா என்பன யாவரும் பார்ப்பவை. பெரியவர் ஒன்று சேர்த்தார்: ஷெட்டில் ஓட்டுநர் இல்லாமல் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஓட்டுநர் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் எல்லா ஷெட்டிலும் ஒன்றிரண்டு நிற்கும். பத்தில் நான்கு நின்றால், ஏன் என்று கேட்கவேண்டும். 2025 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் குளிர்சாதன அறை கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் டீசல் பிடிப்பார்கள் என்று அஞ்சி அதனைப் போடாமலே ஓட்டுகிறவர்களும் உண்டென்று அவர் சொன்னார்.

இனி விபத்து. இதனை அவர் கடைசியில்தான் எடுத்தார், குரலும் தாழ்ந்தது. வண்டி எங்கோ ஓர் ஊரில் ஒருவர் மேல் மோதிவிடுகிறது. பிழை யாருடையதாயினும் கூட்டம் முதலில் பிடிப்பது ஓட்டுநரையே. மொழி தெரியாத காவல் நிலையம். வண்டியும் அங்கே, ஆளும் அங்கே. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். வண்டியை மீட்கிறார், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுகிறார். ஆளை மீட்கிறாரா? ஜாமீனுக்கு நிற்கிறாரா? வழக்கு நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த ஊருக்குப் போய்வரும் செலவு யாருடையது? 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்கள் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியதும், மும்பையிலும் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். மோதிவிட்டுத் தெரிவிக்காமல் ஓடுபவருக்கு 10 ஆண்டு வரை தண்டனை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. 2024 ஜூலை 1 அன்று அந்தப் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது இப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடுவது தவறே, அடிபட்டவரைச் சாலையில் விட்டுச் செல்வதை எவரும் ஆதரிக்கமாட்டார். ஆனால் நிற்கத் துணிவதும் ஓடத் தோன்றுவதும், தன் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையைப் பொறுத்தும் இருக்கிறது.

ஓட்டுநருக்கே ஏதேனும் நேர்ந்தால்? 1923-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் விதிகள் இப்பொழுது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துள்ளன. இழப்பீடு பெற, இவர் இன்னாரிடம் வேலை செய்தார் என்று நிறுவவேண்டும். சம்பளம் கையில் கொடுக்கப்பட்டு, ஏட்டில் பெயர் இல்லாமற்போனால், மனைவியோ தாயோ ஒவ்வொரு வாசலாக நிற்கவேண்டியதுதான். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இவ்வாறே மூன்றாண்டு அலைந்தது. அவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தவர் நாமே. அந்த முதலாளி, இப்படி ஒருவரைத் தமக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்த கடிதத்தையும் நாமே தமிழில் படித்துக் காட்டினோம். ஆகவே சம்பளம் வங்கி வழியாக வருகிறதா என்று நாம் கேட்டபொழுது, நம் பங்குக்கு ஒரு கேள்வியாவது கேட்டோம் என்ற ஆறுதல் இருந்தது. பெரிய கம்பெனி வங்கி வழியாகத் தருவதாக எழுதியிருந்தது. சங்ககிரிக்காரர் இதுவரை கையில்தான் கொடுத்துவந்தார். எல்லாக் குறையும் ஒரு பக்கமே இருந்தால் தேர்வது எளிதாயிருக்கும்!

வீட்டுக்கு வந்தபின் இளைஞரின் தாயார் கேட்டது நம் எல்லோருடைய கேள்விகளையும்விடச் சிறியது. "மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பாய், ராசா?" 2014-இல் வடநாட்டில் தொடங்கிய ரிவிகோ என்ற கம்பெனி இக்கேள்விக்கு ஒரு விடை கண்டது. நெடும் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஓர் ஓட்டுநர் சில மணிநேரம் ஓட்டி அடுத்தவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசை வண்டியில் அன்றே வீடு திரும்பும் அஞ்சல் முறை அது. பழைய நாளில் தபால் குதிரை மாற்றியது போன்றதே. அக்கம்பெனியின் சரக்குத் தொழில் 2022-இல் வேறொரு பெரிய கம்பெனியிடம் சென்றது. அந்த முறை எல்லோரிடமும் பரவவில்லை. 2024 பிப்ரவரியில் ஓட்டுநர் ஓய்வுக்காக நெடுஞ்சாலைகளில் ஆயிரம் கட்டிடங்கள் என்று மத்திய அரசாங்கம் அறிவித்தது. சாலையில் ஒரு நல்ல படுக்கை கிடைப்பது நன்றே. தாயார் கேட்டது வேறு படுக்கையைப் பற்றி.

முடிவில் இளைஞர் சங்ககிரிக்காரரிடம் சென்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார். சம்பளம் வங்கியில் வரவேண்டும். வேலையில் சேர்ந்ததற்கு ஒரு கடிதம் வேண்டும். முதலாளி சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டார். கடிதம் நாம் எழுதிக் கொடுத்த தமிழிலேயே கையெழுத்தாயிற்று. திருமணச் செலவுக்கு அக்கம்பக்கத்தாரும் சீட்டுப் பணமும் உதவின. அதில் சிரமம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் டிரிப் முடிந்து அவர் திரும்பியபொழுது பெரியவரைப் பார்க்க நாமும் உடன் சென்றோம். நலம் விசாரித்தபின் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கே நின்றாய்? எத்தனை நாள்?"

"ஓசூரில் இரண்டு நாள், அண்ணே. லோடு இறக்க இடமில்லை."

"நின்ற நாளுக்குப் பேட்டா?"

"ஒரு நாளுக்குக் கொடுத்தார்கள்."

பெரியவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார். "அப்படியானால் அடுத்த லோடு ஏற்றுமுன் மற்ற நாளுக்கும் கேள். கேட்டதற்கு என்ன சொன்னான் என்று என்னிடம் வந்து சொல்."